அஞ்சுல மூணு

எச்சில் தட்டுகள் சுவரிலிருந்த சின்ன ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தன. அந்தப் பக்கம் சாப்பிட்டு எழுந்தவர்கள் தட்டை வைத்துத் தள்ளிவிட்டுப் போவார்கள். இந்தப் பக்கம் மேரி அதை எடுத்து, மிச்சச் சோற்றை டிரம்மில் தட்டிவிட்டு வெந்நீர்த் தொட்டிக்குள் போடுவாள். தாயாரம்மாள் சோப்பு போட்டுத் தேய்ப்பாள். சசிரேகா அலசி அடுக்குவாள். கார் உதிரி பாகம் செய்கிற அந்தக் கம்பெனியில் மதியச் சாப்பாட்டு மணி அடித்துவிட்டால் மூன்று பேருக்கும் தலை நிமிர நேரம் இருக்காது. வெந்நீர் ஆவியில் முகம் நனைந்து, வேர்வை எது தண்ணீர் எது என்று தெரியாமல் வழியும்.

உத்திரமேரூருக்கு அந்தப் பக்கம் பெருநகரிலிருந்தும் மானாம்பதியிலிருந்தும் விடியற்காலை வேனில் வருகிறவர்கள் அவர்கள். பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். நடவுக்கு மிஷின் வந்த பிறகு கழனி வேலை வருஷத்தில் சில வாரம் என்று ஆகிவிட்டது. அந்த நேரத்தில்தான் பெருநகர் தாமோதரன், கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்டை எடுத்தான். அவன் அப்பாவின் கழனியில் நாற்று நட்டவர்களையே வேனில் ஏற்றி, கேன்டீனுக்கும் தோட்டத்துக்கும் கக்கூஸ் கழுவவும் அனுப்பினான். ஊர்த்தெரு தாயாரம்மாளும் காலனி மேரியும் ஊரில் ஒருத்தி வீட்டில் ஒருத்தி தண்ணீர் குடித்ததில்லை. கேன்டீனில் மிஞ்சிய சோற்றை ஒரே தட்டில் பிசைந்து சாப்பிட்டார்கள். காலை நாஷ்டா மிஞ்சினால் பூரியும் போண்டாவும் அவர்களுக்குத்தான். காலமெல்லாம் அரை வயிறாகக் கிடந்த உடம்புகள் கேன்டீனுக்கு வந்த பிறகு இடுப்பிலும் வயிற்றிலும் கொஞ்சம் பூசிக்கொண்டிருந்தன.

அன்றைக்குத் தட்டு வரத்து ஓய்ந்த நேரத்தில் தாமோதரன் பின்வாசல் வழியாக வந்தான். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கையில் ரெண்டு போன்.

“இன்னா மேரி, எல்லாம் ஒழுங்கா போவுதா?”

“போவுது சின்ன நைனா.”

“வர்ற புதன்கெழம எல்லாரும் வெறும் வயித்துல வந்துடுங்க. தண்ணி மட்டும் குடிக்கலாம். அம்பது தாண்டினவங்களுக்கு கம்பெனிலயே ரத்தம் பாக்கறாங்க.”

தாயாரம்மாள் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். “ரத்தம் இன்னாத்துக்கு தாமு? நான் நல்லாத்தான கீறேன்?”

“நல்லா கீறப்பவே பாக்கணும் அத்த. வுழுந்தப்பறம் பாத்து இன்னா பண்றது?”

“பாத்துட்டு, உனுக்கு சக்கர கீது, வூட்டுக்குப் போன்னுட்டா?”

தாமோதரன் சிரித்தான். “யாரு சொன்னது உனுக்கு? சக்கர இருந்தா மாத்திர குடுப்பாங்க. அவ்ளோதான். நான் இட்டாந்த ஆளுங்கள நானே வுட்டுக்குடுப்பனா? எங்கம்மா மேல சத்தியமா சொல்றேன், ஒருத்தருக்கும் ஒன்னும் வராது.”

போகும்போது மேரியை மட்டும் வாசல் பக்கம் கூப்பிட்டான். “இதுங்க ஆளுக்கு ஒன்னு பேசிக்கினு கீதுங்க. நீ சொன்னா கேக்கும். உன் தங்கச்சி பொண்ணுதான ரத்தம் எடுக்கப் போவுது? அப்பறம் இன்னா பயம்?”

மேரி சொன்னால் கேட்பார்கள் என்பது உண்மைதான். வேனில் யாருக்கு யாரோடு சண்டை வந்தாலும் அவள் சொல்வதுதான் தீர்ப்பு. சூபர்வைசர் வசந்த்குமாரிடம் லீவு கேட்க வேண்டுமானால் அவளைத்தான் முன்னால் தள்ளுவார்கள். அப்படி இருந்தும் அவள் தாமோதரன் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைவரை பொறுத்திருந்தாள்.

காலனிச் சர்ச்சில் ஆராதனை முடிந்து ஜனங்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். பிரிஸ்கில்லா ஸ்கூட்டியை எடுக்கப் போனாள். அவள் மேரியின் தங்கை மகள். தாய் இறந்தபோது கைக்குழந்தை. மேரி தன் பிள்ளைகள் ஆல்வினோடும் ஷாரோனோடும் மூன்றாவதாக அவளையும் வளர்த்தாள். ஆல்வினைப் பத்தாவதோடு வேலைக்கு அனுப்பிவிட்டு அவளை நர்ஸுக்குப் படிக்க வைத்தாள். இப்போது அதே கம்பெனியின் முதலுதவி அறையில் பிரிஸ்கில்லாதான் நர்ஸ். அவளும் காண்ட்ராக்டில்தான் இருந்தாள்.

“புதன்கெழம இன்னாமோ ரத்தம் பாக்கறாங்களாமே. அது இன்னா பாப்பா?”

“வயசானவங்களுக்குப் பாக்கறது பெரிம்மா. இடுப்பளவு, பிரஷர், சக்கரை, அப்பறம் ரத்தத்துல ரெண்டு வகை கொழுப்பு. மொத்தம் அஞ்சு. அஞ்சுல மூணு தப்பா இருந்தா, வெளியில ஒன்னும் தெரியாது, உள்ள கெட்டுப்போயிட்டு இருக்குன்னு அர்த்தம். விட்டா மாரடைப்பு வரும். பெரிப்பாவுக்கு வந்த மாதிரி வாதம் வரும்.”

“முன்னாடியே தெரிஞ்சா தடுக்கலாமா?”

“தடுக்கலாம்.”

“வேலைக்கு ஒன்னும் வராதே? தாயாரு பயப்படுது.”

பிரிஸ்கில்லா ஸ்கூட்டியின் கண்ணாடியைத் திருப்பி சரிபண்ணினாள். “அதெல்லாம் வராது பெரிம்மா. எல்லாரையும் வரச் சொல்லு.”

மேரிக்கு அதற்குமேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவள் வீட்டுக்காரர் வேதகிரி வரப்பில் நடந்துகொண்டிருந்தபோதே விழுந்தவர். இடது கையும் காலும் போய், வாயும் கோணி, இப்போது வீட்டுக்குள் கயிற்றுக்கட்டிலில் கிடந்தார். செங்கல்பட்டில் பெரிய டாக்டர், ஒரு தடவை ரத்தம் பார்த்திருந்தால் இந்த நிலைமை வந்திருக்காது என்று சொன்னது அவள் காதிலேயே நின்றுவிட்டது. அதைத்தான் அவள் வேனில் எல்லாரிடமும் சொன்னாள்.

“எங்க வூட்டுக்காரரு எப்பிடி இருந்தாரு, பாத்தீங்கதான? ஒரு மூட்டைய ஒத்தக் கையில தூக்குவாரு. இன்னிக்கு ஒரு டம்ளர தூக்க முடியல. ஒரு சொட்டு ரத்தம் குடுக்கறதுல இன்னா கொறஞ்சி பூடும்? எங்க பிரிஸ்கில்லா கிட்டயே கேட்டுட்டேன். அது பொய் சொல்லாது.”

தோட்ட வேலை செய்யும் ஏசுதாஸ் சரி என்றார். சசிரேகா சரி என்றாள். தாயாரம்மாள்தான் கடைசிவரை இழுத்தாள். அவள் மகன் கார்த்திக் பெண்டாட்டி ஊரிலேயே வீடு கட்டிக்கொண்டு போய்விட்டான். அவள் இருந்தது மகள் கீர்த்தி வீட்டில். கையில் சம்பளம் இருக்கிறவரைதான் மருமகன் வீட்டில் ஒரு தட்டுச் சோறு முகம் சுளிக்காமல் வரும் என்பது அவளுக்குத் தெரியும்.

“நீ சொல்றியேன்னு வரேன் மேரி,” என்றாள்.

புதன்கிழமை காலையில் முதலுதவி அறை வாசலில் வரிசை நின்றது. வெறும் வயிற்றில் வந்த கிழங்கட்டைகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முதலில் பிரஷர் பார்த்தார்கள். பிறகு பிரிஸ்கில்லா டேப்பை எடுத்து ஒவ்வொருவர் இடுப்பையும் சுற்றி அளந்தாள்.

“இன்னா புள்ள, புது யூனிபாரம் தைக்கறதுக்கா?” என்று சசிரேகா கேட்டாள். வரிசை சிரித்தது.

“எனுக்கு ரெண்டு பாக்கெட் வெச்சி தச்சிடு,” என்றார் ஏசுதாஸ்.

மேரியின் முறை வந்தபோது பிரிஸ்கில்லா நிமிர்ந்து பார்க்கவில்லை. டேப்பைச் சுற்றினாள், எழுதினாள், ஊசி குத்தினாள், கறுப்பாக ரத்தம் ஏறிய குழாய்களைக் குலுக்கித் தாங்கியில் செருகினாள். தாயாரம்மாள் ஊசியைப் பார்க்க மாட்டேன் என்று முகத்தை மேரியின் தோளில் புதைத்துக்கொண்டு ஒரு கையை நீட்டினாள். மேரி அந்தக் கையை அசையாமல் பிடித்துக்கொண்டாள். முடிந்ததும் எல்லாருக்கும் பொங்கலும் கேசரியும் கொடுத்தார்கள். அன்றைக்கு மட்டும் மிஞ்சியது இல்லை, சுடச்சுட முதல் பந்தி.

சில நாள் ஒன்றும் தெரியவில்லை. மாத்திரை வருமென்று ஏசுதாஸ் கேட்டுக்கொண்டே இருந்தார். அடுத்த வாரம் நடுவில் ஒரு நாள் காலை, வழக்கம்போல வேன் கம்பெனி வாசலில் நின்றது. எல்லாரும் இறங்கி வரிசையாக உள்ளே போனார்கள். கார்டைக் காட்டினால் பச்சை விளக்கு எரிந்து இரும்புக் கம்பி சுழன்று வழிவிடும். மேரி காட்டினாள். பச்சை. உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தாள். பின்னால் தாயாரம்மாள் காட்டினாள். சிவப்பு. கார்டைப் புடவையில் துடைத்துவிட்டு மறுபடி காட்டினாள். சிவப்பு.

“திருப்பி வெச்சி காட்டு தாயாரு,” என்றாள் மேரி.

திருப்பிக் காட்டினாலும் சிவப்புதான். சசிரேகாவுக்கும் சிவப்பு. ஏசுதாசுக்கும், இன்னும் நாலைந்து பேருக்கும் அப்படித்தான். செக்யூரிட்டிப் பையன் அவர்களை ஓரமாக நிற்கச் சொன்னான். சூபர்வைசர் வசந்த்குமார் உள்ளேயிருந்து வந்தார். கம்பிக்கு உள்பக்கமே நின்றுகொண்டார்.

“ஒன்னும் இல்லம்மா. ரத்தத்துல கொஞ்சம் பிரச்சனை வந்திருக்கு. உங்க நல்லதுக்குதான், ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்காங்க.”

“எத்தினி நாளைக்கு சார்?” என்று கேட்டாள் சசிரேகா.

“கார்ட குடுத்துட்டுப் போங்க. தாமோதரன் பேசுவாரு.”

“மாத்திர?” என்றார் ஏசுதாஸ்.

வசந்த்குமார் அதற்குள் திரும்பியிருந்தார். தாயாரம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் நின்ற மேரியைப் பார்த்தாள். திட்டவில்லை, கத்தவும் இல்லை. “உன்ன நம்பித்தான மேரி கைய நீட்டினேன்,” என்று மட்டும் சொன்னாள். பிறகு கழுத்தில் மாட்டியிருந்த கார்டைத் தலைவழியாகக் கழற்றினாள். அது கொண்டையில் சிக்கிக்கொண்டது. சசிரேகாதான் எடுத்துவிட்டாள்.

திரும்பிப் போக வேன் சாயங்காலம்தான். பஸ் ரோடு வெகு தூரம். வெளியே அனுப்பப்பட்டவர்கள் பகல் முழுவதும் மதில் சுவர் ஓரம், நிழல் நகர நகரத் தாங்களும் நகர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே மேரி மூன்று பேர் வேலையை ஒருத்தியாகச் செய்தாள். தட்டுகள் ஜன்னலில் குவிந்து, அந்தப் பக்கமிருந்து ஆட்கள் சத்தம் போட்டார்கள். மதியம் மிஞ்சிய சோற்றை ஒரு தூக்கில் போட்டுக்கொண்டு வாசல்வரை போனாள். கேன்டீன் சாப்பாடு வெளியே போகக்கூடாது என்று செக்யூரிட்டிப் பையன் தடுத்துவிட்டான். சாயங்காலம் எல்லாரும் ஒரே வேனில்தான் வீடு திரும்பினார்கள். எப்போதும் மேரிக்குப் பக்கத்தில் உட்காரும் தாயாரம்மாள் டிரைவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இறங்கியதும் மேரி வீட்டுக்குப் போகவில்லை. நேராக ஊர்த்தெருவுக்குப் போனாள். தாமோதரன் வீட்டு முற்றத்தில் நெல் காயப்போட்டிருந்தார்கள். அவன் புதுக் காரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். மேரி கேட்டுக்கு வெளியே நின்றாள். உள்ளே வா என்று அவனும் சொல்லவில்லை, போகலாம் என்று அவளுக்கும் தோன்றவில்லை.

“தெரியும், நீ வருவேன்னு,” என்றான் அவன். “நான் இன்னா பண்றது மேரி? கம்பெனில இன்சூரன்ஸ் மாத்தறாங்க, நோவு கீறவங்க இருந்தா பணம் ஜாஸ்தி கட்டணுமாம். அம்பது தாண்டினவங்கள்ல யாருக்கு அஞ்சுல மூணு கீதோ அவங்கள எடுத்துடுன்னு மேல சொல்லிட்டாங்க. முடியாதுன்னா காண்ட்ராக்ட வேற ஒருத்தனுக்கு குடுத்துடுவாங்க. அப்பறம் யாருக்குமே வேல இல்ல.”

“எப்ப சொன்னாங்க நைனா?”

“இன்னா எப்ப?”

“ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

தாமோதரன் போனை எடுத்துப் பார்த்தான். யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. மறுபடி சட்டைப்பைக்குள் போட்டான்.

“நீங்க உங்கம்மா மேல சத்தியம் பண்ணீங்க,” என்றாள் மேரி.

“ஏய், எதுக்கு எங்கம்மாவ இழுக்கற? உனுக்கு ஒன்னும் இல்லல்ல? சொம்மா இரு. உன் வூட்டுக்காரர வெச்சிக்கினு நீ இந்த வேலயும் இல்லாம இன்னா பண்ணுவ? வூட்டுல நல்லது நடந்திருக்கறப்ப வந்து சண்ட போடாத.”

“எந்த வூட்டுல நைனா நல்லது நடந்திச்சி?”

“உன் வூட்டுலதான். பிரிஸ்கில்லாவ பர்மனன்ட் பண்ணிட்டாங்களே. சொல்லல உனுக்கு?”

மேரி கேட்டைப் பிடித்திருந்த கையை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து வரும்போது உத்திரமேரூரிலேயே இறங்கிவிட்டாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடிப் போர்ஷனில் பிரிஸ்கில்லா குடியிருந்தாள். கதவைத் திறந்தவள் மேரி முகத்தைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டாள். காபி போடட்டுமா என்றாள். மேரி உட்காரவில்லை.

“உனுக்கு எப்ப தெரியும்?”

“பெரிம்மா, மொதல்ல உக்காரு.”

“அன்னிக்கி சர்ச்சு வாசல்ல கேட்டேனே. அப்ப தெரியுமா?”

பிரிஸ்கில்லா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“தெரியும்,” என்றாள். “ஹெச்.ஆர். மேடம் கூப்பிட்டு சொன்னாங்க. யாரும் வரமாட்டேன்னு சொல்லாம நீ பாத்துக்கணும், ஒழுங்கா முடிச்சிட்டா பர்மனன்ட் போடறோம்னு. எத்தன வருஷம் பெரிம்மா நான் ஒவ்வொரு மார்ச்சும் வேலை இருக்கா இல்லையான்னு பயந்துக்கிட்டே இருக்கறது? நான் இல்லன்னா இன்னொரு நர்ஸ் எடுத்திருப்பா. ரத்தம் ரத்தம்தான.”

“நீதான எல்லாரையும் வரச்சொல்லுன்ன.”

“சொன்னேன்.”

“நான் ஒவ்வொருத்திகிட்டயும் போயி, எங்க புள்ள பொய் சொல்லாதுன்னு சொன்னேன்டி.”

பிரிஸ்கில்லா அழுதாள். அழுதுகொண்டே பேசினாள். “உன்ன நான் விடல பெரிம்மா. உனக்கும் மூணுதான். பிரஷர் இருக்கு, கொழுப்புல ஒன்னு இருக்கு. ரெண்டும் அவங்க மிஷின்லயே ஏறிடுது, நான் ஒன்னும் பண்ண முடியாது. டேப்பு மட்டும்தான் என் கையில. பொம்பளைங்களுக்கு இடுப்பு எம்பது சென்டிக்குள்ள இருக்கணும். உனக்கு தொண்ணூத்தியொன்னு இருந்திச்சி. எழுபத்தொம்பதுன்னு எழுதினேன். அதனாலதான் நீ உள்ள இருக்க.”

மேரி தன்னையறியாமல் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். கேன்டீனுக்கு வந்த பிறகு ஏறிய சதை கைக்கு அடியில் மெத்தென்று இருந்தது. வரிசையில் சசிரேகா யூனிபாரம் பற்றிக் கேட்டதும் எல்லாரும் சிரித்ததும், அந்தச் சிரிப்பில் பிரிஸ்கில்லா மட்டும் தலையைக் குனிந்துகொண்டே இருந்ததும் இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

“தாயாருக்கு எத்தினி இருந்திச்சி?”

“வேணாம் பெரிம்மா.”

“சொல்லு.”

“அவங்களுக்கும் மூணுதான்.”

“அதுல இடுப்பும் சேத்தியா?”

பிரிஸ்கில்லா ஆமென்று தலையை ஆட்டினாள். “எல்லாருக்கும் மாத்தி எழுதினா மாட்டிக்குவேன். ஒருத்தருக்குத்தான் முடியும்.”

கிளம்பும்போது அவள் அலமாரியைத் திறந்து ஒரு மருந்துக் கவரை எடுத்து மேரி கையில் திணித்தாள். “பிரஷர் மாத்திரை. தினம் காலையில ஒன்னு. கம்பெனில யாருக்கும் தெரிய வேணாம். கவர்மெண்ட் ஆஸ்பத்திரியிலயும் சீட்டு போடாத. எதுலயாவது பதிஞ்சா எனக்குத்தான் பேஜாரு.” அதை அங்கேயே விசிறியடித்திருக்கலாம். மேரி மாடிப்படி இறங்கிப் பஸ்ஸில் உட்காரும்வரை அதைப் பற்றித்தான் நினைத்தாள். ஆனால் கவர் மடியில்தான் இருந்தது. கயிற்றுக்கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தவளுக்கு அதைத் தூக்கி எறியக் கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் சர்ச்சுக்குப் போகவில்லை. தாயாரம்மாளைத் தேடிக்கொண்டு போனாள். கீர்த்தி வீட்டுப் பின்பக்கம் அடிபம்பு ஓரம் தாயாரம்மாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மேரியைப் பார்த்தும் கை நிற்கவில்லை. மேரி வேலிக்கு அப்பால் நின்றாள்.

“தாயாரு.”

தாயாரம்மாள் அடுத்த குண்டானை எடுத்தாள்.

“ஆஸ்பத்திரிக்கு போனியா?”

“போனேன்.” தாயாரம்மாள் குண்டானைக் கவிழ்த்து வைத்தாள். “டாக்டரம்மா நல்ல மாதிரி. இதுக்கெல்லாம் வேலய வுடுவாங்களா, யாரு சொன்னதுன்னு கேக்குது. சோத்தக் கொறச்சிக்கோ, ஒடம்ப ஆட்டி வேல செய், அதான் மருந்துங்குது.” சிரிப்பு மாதிரி ஒன்று அவள் வாயில் வந்து போனது. “சோறு தானா கொறஞ்சிடும். எந்த வேலய செய்யறதுன்னுதான் கேக்கல.”

“நான் ஒன்னு சொல்லணும் தாயாரு. எனுக்கும் மூணுதான். பிரிஸ்கில்லா இடுப்பக் கொறச்சி எழுதிட்டா. எனுக்கு மெய்யாலுமே தெரியாது. உங்க கார்ட புடுங்கின அன்னிக்கி வரிக்கும் தெரியாது.”

தாயாரம்மாளின் கை இப்போது நின்றது. சாம்பல் படிந்த விரல்களோடு நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் மேரிக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“அப்ப உனுக்கு ஆளு இருந்திச்சி,” என்றாள். “எனுக்கு நீதான் ஆளுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

உள்ளேயிருந்து மருமகன், யாரது என்று குரல் கொடுத்தான். யாருமில்லை என்று சொல்லிவிட்டுத் தாயாரம்மாள் பம்பை அடிக்க ஆரம்பித்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் மேரி வேதகிரிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். தாமோதரன் சத்தியம் பண்ணினது, பிரிஸ்கில்லா டேப் பிடித்தது, தாயாரம்மாள் சொன்னது எல்லாம். அவர் கோணிய வாயோரம் வழிந்ததைத் துடைத்துவிட்டு, “நாளைக்கி நான் போவல. எனுக்கும் மூணுதான்னு அந்த வசந்த்குமார் கிட்ட சொல்லிட்டு வந்துடறேன்,” என்றாள். வேதகிரி நன்றாக இருந்த வலது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். நாக்கைப் புரட்டிப் புரட்டி ஒரு சொல்லைக் கொண்டுவந்தார்.

“போ.”

அவர் எதற்குப் போகச் சொன்னார், சொல்லிவிட்டு வரவா, வேலைக்கா என்று அவள் கேட்கவில்லை. வேலைக்குத்தான் என்பது, கையை விடாமல் அவர் கண்ணை மூடிக்கொண்டதிலேயே தெரிந்தது.

திங்கட்கிழமை வேனில் காலியான இடங்களெல்லாம் நிரம்பியிருந்தன. மேல்மலையனூர்ப் பக்கத்திலிருந்து புதிதாகக் கூட்டி வந்த பெண்கள். இருபது, இருபத்திரண்டு வயசு. தங்குவதற்குத் தாமோதரனே வீடு பார்த்துக் கொடுத்திருந்தானாம். வழி நெடுகப் போனில் பாட்டு வைத்துக்கொண்டு வந்தார்கள். மேரியின் பக்கத்தில் உட்கார்ந்தவள், கேன்டீனில் சாப்பாடு நன்றாக இருக்குமா ஆயா என்று கேட்டாள். நல்லா இருக்கும் என்றாள் மேரி.

புதுப் பெண்களுக்கு வேலை பிடிபடவில்லை. வெந்நீரில் கை வைக்கப் பயந்தார்கள். அலசாத தட்டை அடுக்கினார்கள். மேரி அங்கும் இங்கும் ஓடி ஓடிச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே தன் வேலையையும் பார்த்தாள். மாத்திரையை அன்றைக்குக் காலையில்தான் முதன்முதலாகப் போட்டிருந்தாள். வேனைப் பிடிக்கும் அவசரத்தில் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். மணி அடித்துத் தட்டுகள் சரமாரியாக வர ஆரம்பித்தபோது கழுவின ஸ்பூன்களை ஒரு டிரே நிறைய எடுத்துக்கொண்டு மேஜைப் பக்கம் திரும்பினாள். சுவர் மெதுவாகச் சாய்கிற மாதிரி இருந்தது. காதுக்குள் ஒரு இரைச்சல் வந்தது. டிரே கையைவிட்டுப் போய், ஸ்பூன்கள் தரையெல்லாம் சிதறின.

வசந்த்குமார் கதவு வழியாக எட்டிப் பார்த்தார். “என்ன மேரி? உடம்புக்கு ஏதாவதா?”

புதுப் பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மேரி மேஜையைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்து, ஸ்பூன் பொறுக்குகிற சாக்கில் முழங்காலும் கையுமாக அதன் அடியில் நுழைந்துவிட்டாள்.

“ஒன்னுமில்ல சார். கை வழுக்கிடுச்சி. நல்லாத்தான் கீறேன்.”

மேஜைக்கு அடியில் இருட்டாகவும் ஈரமாகவும் இருந்தது. அவள் நெற்றியை இரும்புக் காலில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். வசந்த்குமாரின் பளபளப்பான பூட்ஸ் அங்கேயே நின்றது. கண்ணைத் திறக்காமலே தரையைத் தடவி ஒரு ஸ்பூனை எடுத்து, கையை மட்டும் வெளியே நீட்டி மேஜைமேல் வைத்தாள். பிறகு இன்னொன்று. கை நடுங்குவது தெரியாமல் இருக்க, ஒவ்வொன்றையும் டக்கென்று சத்தம் வரும்படி அழுத்தி அழுத்தி வைத்துக்கொண்டிருந்தாள்.